மழைக்கு முன்னால் பழைய டயர்களை எடுக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் வில்லாபுரம் பக்கம் பத்தொன்பது வருடமாகப் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் உங்கள் பேப்பர் வாங்குகிறார்கள், காலையில் வேலை வருவதற்கு முன்னால் படித்துவிடுவேன். போன வாரம் கொசுத் தொல்லையைப் பற்றி மூன்று நான்கு வாசகர்கள் எழுதியிருந்தார்கள். சாக்கடையைத் தூர் வாரவில்லை, புகை மருந்து அடிக்கும் வண்டி எங்கள் தெருவுக்கு வரவே இல்லை என்றுதான் எல்லோரும் எழுதியிருந்தார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை, சாக்கடையைத் தூர் வாரத்தான் வேண்டும். ஆனால் டெங்கு காய்ச்சலைப் பற்றிப் பேசும்போதும் சாக்கடையையே பார்த்துக்கொண்டிருந்தால் எங்கே கோட்டை விடுகிறோம் என்பதை என் கடை வாசலிலேயே பார்த்தவன் நான். அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போனாலும் முழுசாகப் போடுங்கள்.

முந்தின வருடம் ஐப்பசி மாதம் நல்ல மழை. அப்போது என் கடையின் பக்கச் சுவரை ஒட்டி நாற்பது டயராவது கிடந்திருக்கும். பைக் டயர், ஆட்டோ டயர், நாலைந்து லாரி டயர், எல்லாம் மொட்டை டயர்கள். வண்டிக்காரர்கள் புதுசு மாட்டிக்கொண்டு பழசை எங்களிடமே போட்டுவிட்டுப் போவார்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு வியாபாரி வந்து மொத்தமாக ஏற்றிக்கொண்டு போவார், அதுவரை அது வெளியேதான் கிடக்கும். எந்தப் பஞ்சர் கடையிலும் இதுதான் வழக்கம். கடை எங்கே இருக்கிறது என்று தெரிவதற்காக இரண்டு டயரை வெள்ளை பெயின்ட் அடித்துக் கம்பத்தில் தொங்கவிட்டிருப்போம், அதுவும் வழக்கம்தான்.

கடைக்குப் பின்னால் இருக்கும் சந்தில் ஓர் இஸ்திரி போடும் அக்கா குடியிருக்கிறார்கள். அவர்கள் பேத்தி அப்போது இரண்டாம் வகுப்பு படித்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் என் கடையில்தான் உட்கார்ந்திருப்பாள், ட்யூபைத் தண்ணீரில் அமுக்கினால் ஓட்டை இருக்கும் இடத்தில் முட்டை முட்டையாகக் காற்று வரும் இல்லையா, அதை முதலில் கண்டுபிடித்துச் சொல்வது அவள் வேலை. அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்தார்கள், விடவில்லை. மறுநாள் பக்கத்தில் ஒரு கிளினிக்கில் ஊசி போட்டார்கள், ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லவில்லை. நான்காம் நாள் காலையில் உடம்பு குளிர்ந்துவிட்டது, காய்ச்சல் விட்டுவிட்டது என்று அந்த அக்கா நிம்மதியாக வேலைக்குக் கிளம்பினார்கள். அன்று சாயங்காலமே பிள்ளை வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுத்துவிட்டாள், விடாமல் வாந்தி, கூப்பிட்டால் கண் திறக்கிறாள், பேச்சு இல்லை, கையும் காலும் சில்லென்று இருக்கிறது. கடையை அப்படியே போட்டுவிட்டு நான்தான் ஆட்டோ பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அங்கே இருந்த டாக்டரம்மா, "காய்ச்சல் இறங்குகிற நேரம்தாம்மா இதில் ஆபத்தான நேரம், யாரும் சொல்லவில்லையா?" என்று கேட்டார்கள். யாரும் சொல்லவில்லை. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்து, ட்ரிப்ஸ் ஏற்றி, நாளைக்கு இரண்டு தடவை ரத்தம் பார்த்துப் பார்த்து, அந்தப் பிள்ளையைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். அந்த வார்டில் இருந்தவர்களை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

இரண்டு நாள் கழித்து மாநகராட்சி கொசு ஒழிப்புப் பணியாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். மஸ்தூர் என்று சொல்வோமே, அவர்கள்தான். ஒரு வீட்டில் டெங்கு என்று தெரிந்தால் சுற்றியிருக்கும் வீடுகளை எல்லாம் பார்ப்பார்களாம். அதில் ஒரு பெண், இருபத்தைந்து வயதுகூட இருக்காது, கையில் டார்ச்சும் நீளக் காம்பு வைத்த ஒரு கரண்டியும் வைத்திருந்தாள். நேரே என் டயர்களிடம் வந்தாள். ஓர் ஆட்டோ டயரில் கரண்டியை விட்டுத் தண்ணீரை மோந்து ஒரு வெள்ளைத் தட்டில் ஊற்றி, "அண்ணே, இங்க வந்து பாருங்க" என்றாள். முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை, தூசி மாதிரி இருந்தது. அவள் கையை மேலே நீட்டி நிழல் விழ வைத்தாள், உடனே அந்தத் தூசி எல்லாம் நெளிந்து நெளிந்து அடியில் போய்விட்டது, அத்தனையும் கொசுப்புழு. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாக மேலே வந்து, தலை கீழேயும் வால் மேலேயுமாகத் தொங்கின. வால் வழியாகத்தான் மூச்சு விடுமாம். ஒரு கரண்டித் தண்ணீரில் இருபதுக்கு மேல் எண்ணினேன். அப்படி எத்தனை டயர், எத்தனை கரண்டி.

அந்தப் பிள்ளையைக் கடித்த கொசு என் டயரில் இருந்துதான் போயிருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, அதை யாராலும் சொல்லவும் முடியாது. ஆனால் இந்தக் கொசு பிறந்த இடத்தை விட்டு ரொம்ப தூரம் போகாது, நூறு இருநூறு மீட்டருக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும் என்று அந்தப் பெண் சொன்னாள். அந்தச் சந்துக்கும் என் கடைக்கும் நடுவே ஒரு சுவர்தான். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்கப்புறம்தான் இதை ஒழுங்காகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தேன். என் மகள் காலேஜில் விலங்கியல் படிக்கிறாள், அவளும் நிறையச் சொன்னாள். சாக்கடையில் வளர்வது க்யூலெக்ஸ், அது ராத்திரி கடிக்கும், யானைக்கால் நோயைப் பரப்புவது அது. டெங்குவைப் பரப்புவது ஏடிஸ், காலில் வெள்ளை வெள்ளையாக வரி இருக்கும், பகலில் கடிக்கும், காலையிலும் பொழுது சாய்வதற்கு முன்னாலும் அதிகமாகக் கடிக்கும். அதற்கு வேண்டியது நம் வீட்டுத் தண்ணீர். ட்ரம், சிமெண்டுத் தொட்டி, மூடாத சின்டெக்ஸ், ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு, கொல்லையில் கிடக்கும் தேங்காய்ச் சிரட்டை, யாரும் மாவாட்டாமல் கிடக்கும் ஆட்டுக்கல்லின் குழி. சிக்குன்குனியாவைப் பரப்புவதும் இதே கொசுதான். 2006-ல் நம் பக்கத்தில் வீட்டுக்கு வீடு கை கால் மடக்க முடியாமல் கிடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

இதில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது முட்டை சமாச்சாரம். இந்தக் கொசு முட்டையைத் தண்ணீருக்குள் இடுவதில்லை, தண்ணீருக்குச் சற்று மேலே இருக்கும் ஈரச் சுவரில் ஒட்டி வைக்கிறது. கரித்தூள் மாதிரி இருக்கும், பார்த்தால் தெரியாது. தண்ணீர் வற்றினாலும் முட்டை சாகாது, காய்ந்த டயரிலும் காய்ந்த ட்ரம்மிலும் மாதக்கணக்கில், ஒரு வருடம் வரைகூட அப்படியே இருக்கும், அடுத்த மழைத் தண்ணீர் பட்டதும் பொரியும். பொரித்து ஏழிலிருந்து பத்து நாளில் கொசுவாகிப் பறந்துவிடும். அப்படியென்றால், தண்ணீரைக் கொட்டிவிட்டேன், சுத்தமாக இருக்கிறது என்று நாம் நினைப்பதெல்லாம் பாதி வேலைதான். உள்சுவரைத் தேங்காய் நாரோ பிரஷோ வைத்து அழுத்தித் தேய்த்துக் கழுவினால்தான் முட்டை போகும். ட்ரம்மைச் சும்மா அலசிவிட்டுப் புதுத் தண்ணீர் பிடிப்பவர்கள்தான் எங்கள் தெருவில் பத்துக்கு ஒன்பது பேர், என் வீடும் அதில் ஒன்றாக இருந்தது.

வாரம் ஒருமுறை தேய்க்க வேண்டும் என்பதற்குக் காரணமும் அந்த ஏழு நாள் கணக்குதான். நம் ஊரில் வெள்ளிக்கிழமை வீடு கழுவாத வீடு குறைவு. வாசலையும் பூஜை சாமானையும் கழுவுகிற அதே நேரத்தில் ட்ரம்மையும் ஒரு தேய் தேய்த்துவிட்டால் போதும். என் வீட்டில் இப்போது அப்படித்தான் நடக்கிறது. குடிநீர் வரும் நாள் வெள்ளிக்கிழமையாக இல்லாவிட்டால் மட்டும் வேறு கிழமைக்குத் தள்ளிப்போகும், வாரம் தாண்டுவதில்லை.

டயர் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் அது என் தொழில், அதைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவு ஆபீசில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாது. டயரில் நிற்கும் தண்ணீர் லேசில் போகாது. நிமிர்த்தி வைத்தால் அடியில் நிற்கும், உருட்டினால் உள்ளேயே சுற்றி வந்து மறுபடியும் அடியில் நிற்கும், படுக்கப் போட்டால் வளையம் முழுக்கப் பரவி நிற்கும், சாய்த்துக் கொட்டினாலும் விளிம்புக்கு உள்பக்கம் ஒரு டம்ளர் தண்ணீராவது தங்கிவிடும். லாரி டயர் என்றால் இரண்டு ஆள் தூக்கி உதற வேண்டும். உள்ளே வெயில் படாது, கறுப்பு, இருட்டு, நாலு சருகு விழுந்து ஊறியிருக்கும். அந்தக் கொசுவுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. டெங்குவைப் பரப்பும் இன்னொரு ஏடிஸ் வகை 1985-ல் அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்தில் பரவியதே கப்பலில் போன பழைய டயர்கள் வழியாகத்தான் என்று என் மகள் சொன்னாள். அதே 1985-ல்தான் நோய் பரப்பும் பூச்சிகளை ஆராய்வதற்கென்று ஐ.சி.எம்.ஆர். என்ற மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் நம் மதுரையில் ஒரு மையத்தைத் தொடங்கியிருக்கிறது. கொசுவைப் பற்றித் தெரிந்தவர்கள் இந்த ஊருக்குள்ளேயே இருந்திருக்கிறார்கள், அந்த விஷயம் என் கடை வரைக்கும் வந்து சேராமல் போய்விட்டதே என்பதுதான் எனக்கு ஆதங்கம்.

நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன், மற்ற பஞ்சர் கடைக்காரர்களும் செய்யலாம். வருகிற பழைய டயரை அன்றைக்கே உதறிக் காயவைத்துத் தகரக் கொட்டகைக்குள் அடுக்கிவிடுகிறேன். இடம் போதாதபோது வெளியே போட்டால் மேலே தார்ப்பாய். இதில் ஒரு விஷயம், தார்ப்பாயை இழுத்துக் கட்டாவிட்டால் நடுவில் தொய்ந்து அதிலேயே தண்ணீர் தேங்கிவிடும், அப்புறம் டயருக்குப் பதில் தார்ப்பாயில் வளரும். நடுவில் ஒரு கட்டையை நிறுத்திக் கூடாரம் மாதிரி சரிவாகக் கட்ட வேண்டும். கம்பத்தில் தொங்கும் டயர்களுக்கு அடியில் ட்ரில் போட்டு நாலு ஓட்டை. ட்யூப் அமுக்கிப் பார்க்கும் தண்ணீர்த் தொட்டியைக் கடை சாத்தும்போது தினமும் கவிழ்த்துவிடுகிறேன், முன்பெல்லாம் அந்தத் தண்ணீர் வாரக்கணக்கில் அப்படியே கிடக்கும், குறைந்தால் மேலே ஊற்றுவோம். இதற்கெல்லாம் சேர்த்து ஒரு நாளைக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது.

புகை மருந்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அது பறக்கிற கொசுவைத்தான் கொல்லும், புழுவையோ முட்டையையோ ஒன்றும் செய்யாது. அதுவும் ஏடிஸ் கொசு வீட்டுக்குள் கட்டிலுக்கு அடியிலும் கொடியில் தொங்கும் துணிக்குப் பின்னாலும் போய் உட்கார்ந்துகொள்ளும், புகை வண்டிச் சத்தம் கேட்டதும் நாம் கதவையும் ஜன்னலையும் அடைத்துவிடுவோம். காய்ச்சல் கண்ட வீட்டைச் சுற்றி உடனே அடிப்பது வேறு, அதற்குப் பலன் உண்டு. மற்றபடி வண்டி வந்து போனால் ஏதோ நடந்த மாதிரி நமக்கு ஒரு திருப்தி, அடுத்த வாரம் என் டயரில் இருந்து புதுசாக ஐம்பது கிளம்பிவிடும். உண்மையான வேலை அந்த மஸ்தூர் பெண் கரண்டியும் டார்ச்சும் வைத்துக்கொண்டு வீடு வீடாகச் செய்வதுதான்.

அவர்களை நாம் நடத்தும் விதம் எனக்குப் பொறுக்கவில்லை. பெரும்பாலும் தினக்கூலிக்கு வருகிறவர்கள், வெயிலில் படி ஏறி இறங்குகிறார்கள், பாதி வீட்டில் கேட்டையே திறப்பதில்லை. மருந்து ஊற்றினால் தண்ணீர் கெட்டுவிடும் என்று ட்ரம்மைப் பார்க்க விடுவதில்லை. கொசுப்புழுவைக் கொல்ல அவர்கள் ஊற்றும் அபேட் மருந்து, சொன்ன அளவில் ஊற்றினால், குடிநீரிலும் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனமே ஏற்றுக்கொண்டது. போலியோ சொட்டு மருந்து போட வீடு வீடாக வந்தவர்களுக்கு நாம் கதவைத் திறந்துவிட்டோம், 2014 மார்ச்சில் இந்தியாவில் போலியோ இல்லை என்று சான்றிதழே வாங்கிவிட்டோம். அதே மாதிரி ஆட்கள்தான் இவர்களும். மாநகராட்சிக்கு என் வேண்டுகோள், மழைக்காலத்தில் மட்டும் கூப்பிட்டு மற்ற மாதத்தில் கைவிடாமல் இவர்களை வருடம் முழுக்க வேலைக்கு வைத்திருங்கள். முட்டை வருடம் முழுக்கக் காத்திருக்கிறதே.

காய்ச்சல் வந்தவர்களுக்கு இரண்டு விஷயம். அந்த இஸ்திரி அக்காவிடம் அன்றைக்கு யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்று நான் இன்னும் நினைத்துக்கொண்டிருப்பதால் எழுதுகிறேன். ஒன்று, மழைக்காலத்தில் காய்ச்சல் என்றால் பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை எதையும் மருந்துக்கடையில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், புருஃபென், டைக்ளோ, ஆஸ்பிரின் எல்லாம் டெங்குவில் ரத்தக்கசிவை அதிகமாக்கிவிடும். டெங்குவா என்பது முதல் ஐந்து நாளுக்குள் என்.எஸ்.1 என்ற ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், அரசு ஆஸ்பத்திரியில் காசில்லாமல் பார்க்கிறார்கள். கஞ்சி, இளநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் என்று நீராகாரம் உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டும். மூன்றாம் நாளில் இருந்து ஏழாம் நாள் வரை, காய்ச்சல் விட்டாலும் கண்ணை எடுக்காதீர்கள். வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், அசதியாகச் சாய்ந்து கிடப்பது, ஒன்றுக்குப் போவது குறைவது, இதில் எது இருந்தாலும் அந்த நிமிடமே கிளம்புங்கள். நிலவேம்புக் குடிநீர் குடிப்பவர்களை நான் குறை சொல்லவில்லை, அதைக் குடித்துவிட்டு வீட்டிலேயே காத்திருக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். ஏற்கெனவே ஒருமுறை டெங்கு வந்தவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், டெங்குவில் நான்கு வகை வைரஸ் இருக்கிறது, இரண்டாம் முறை வேறு வகை தொற்றினால் கடுமையாக வர வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது, காய்ச்சலில் படுத்திருப்பவருக்குப் பகலிலும் கொசுவலை கட்டுங்கள். இது அவருக்காக இல்லை, பக்கத்து வீட்டுக்காரர்களுக்காக. காய்ச்சல் அடிக்கும் அந்த நாலைந்து நாளில் அவரைக் கடிக்கும் கொசுவுக்குள் வைரஸ் போகிறது, எட்டிலிருந்து பன்னிரண்டு நாள் கழித்து அந்தக் கொசு தெருவில் மற்றவர்களைக் கடித்துப் பரப்பும், சாகும்வரை பரப்பும். எங்கள் சந்தில் அந்தப் பிள்ளைக்குப் பிறகு இரண்டு வாரத்துக்குள் இன்னும் மூன்று பேர் படுத்தார்கள். அவள் வீட்டில் படுத்திருந்த அந்த நாலு நாளும் வலை இல்லை. அதைப் பற்றி யாருக்கும் தெரியாது.

2012-ல் தமிழ்நாட்டில் 66 பேர், 2017-ல் 65 பேர் டெங்குவால் இறந்ததாக அரசுக் கணக்கே சொல்கிறது. கொசு வளரும்படி தண்ணீரைத் தேங்க விடக்கூடாது என்று 1939-லேயே பொதுச் சுகாதாரச் சட்டம் போட்ட மாநிலம் இது. அந்தச் சட்டத்தை வைத்துக் கடைக்காரர்களுக்கு அபராதம் போடுவதை நான் தப்பு என்று சொல்ல மாட்டேன், என் கடைக்கும் போட்டார்கள், கட்டினேன். ஆனால் அபராதம் கட்டிய பிறகும் டயர் அங்கேயேதானே கிடந்தது? அதை எங்கே கொண்டுபோய்ப் போடுவது? வியாபாரி அவர் நினைத்த நேரத்துக்குத்தான் வருவார், மழைக்காலத்தில் விலை இறங்கிவிட்டால் வரவே மாட்டார். குப்பை வண்டியில் டயரை ஏற்றிக்கொள்வதில்லை. இடம் இல்லாத கடைக்காரர் என்னதான் செய்வார், ராத்திரியோடு ராத்திரியாகக் கண்மாய்க் கரையிலோ கிருதுமால் வாய்க்கால் ஓரத்திலோ உருட்டிவிடுகிறார், அங்கே யாரும் தார்ப்பாய் போடப் போவதில்லை.

அதனால் நான் கேட்பது ஒன்றுதான். ஆவணி, புரட்டாசி இரண்டு மாதத்திலும் மாநகராட்சி ஒரு லாரி வைத்து, வார்டு வார்டாக நாள் குறித்து முன்கூட்டியே அறிவித்து, பஞ்சர் கடை, ஒர்க்‌ஷாப், வீடு என்று பார்க்காமல் பழைய டயர்களை எல்லாம் எடுத்துக்கொள்ள வேண்டும். காசு தர வேண்டாம், எடுத்தால் போதும். கூடவே, குடிநீர் வரும் நாளும் நேரமும் மாறாமல் இருந்தால் ஜனங்கள் பயந்துபோய் அண்டா குண்டா எல்லாவற்றிலும் பிடித்து வைக்க மாட்டார்கள், அதையும் கவனியுங்கள்.

எங்கள் ரோட்டில் வில்லாபுரத்தில் இருந்து அவனியாபுரம் போவதற்குள் பஞ்சர் கடை மட்டும் ஏழு இருக்கிறது, ஏழு பேரிடமும் நான் பேசிவிட்டேன், எல்லோரும் தயார். இன்றைய தேதிக்கு என் கடையில் முப்பத்தொரு டயர் இருக்கிறது, அதில் லாரி டயர் மூன்று. லாரியை அனுப்பினால் ஒரே காலையில் ஏழு கடையும் முடிந்துவிடும், ஏற்றிவிடுவதற்கு ஆள் நாங்களே வருகிறோம்.

இப்படிக்கு,
பஞ்சர் கடைக்காரர் ஒருவர்,
வில்லாபுரம், மதுரை.